நகைப் பெட்டியைத் திறக்கும் முன்...

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். "வீட்டைப் பதிவு பண்ணிப் பார்" என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் எவ்வளவோ பெண்களின் நகை பிழைத்திருக்கும்!

எங்கள் அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் நாலு பேர் கூடினால் வீட்டுப் பேச்சுதான். "என்ன விலை?", "மாதத் தவணை எவ்வளவு?" இந்த இரண்டோடு பேச்சு முடிந்துவிடும். "பதிவு நாளன்று ரொக்கமாக எவ்வளவு வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை. நம் கழுத்துச் சங்கிலியைத் தொடுகிற கேள்வி அதுதான்.

போன வருஷம் என் ஓர்ப்படி இங்கே ஒரு பழைய வீட்டை 45 லட்சத்துக்கு விலை பேசினாள்.

"பாங்கிலே 80 சதவீதம் தர்றாங்க அக்கா. மீதி ஒன்பது லட்சம் சேர்த்தாச்சு. அப்புறம் என்ன?"

"அப்புறம்தான் இருக்கு, உட்காரு" என்று பால் கணக்கு நோட்டை எடுத்தேன்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 45 லட்சத்துக்கு ரூ. 4,05,000. அரசின் வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல்தான் கணக்கு. (புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து வேறு விகிதம்.) தாய்ப் பத்திரத்தை பாங்கில் ஒப்படைப்பதையும் பதிய வேண்டும். அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதத் தீர்வை: 36 லட்சத்துக்கு ரூ. 18,000. பதிவுக் கட்டணம் தனி. பாங்கின் பரிசீலனைக் கட்டணம் அரை சதவீதம் என்று வைத்தால் 18,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,240. வக்கீல், மதிப்பீட்டாளர், பத்திரம் எழுதுபவர் வேறே.

கூட்டிப் பார்த்தோம். ஒன்பது லட்சம், பதிமூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது!

"இதையும் கடன்லே சேர்த்துக்க மாட்டாங்களா?" என்றாள். மாட்டார்கள். வீட்டு மதிப்பில் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 10 லட்சத்துக்குள் அடங்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு.

நகையை வைத்தால் சமாளிக்கலாம் என்றார் கொழுந்தனார். வீட்டுத் தவணையும் நகை வட்டியும் ஒரே சம்பளத்தில் ஓடுமா? இரண்டு நாள் யோசித்து, அட்வான்ஸ் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள். வீடு வேறொருவருக்குப் போயிற்று. அவளுக்கு வருத்தம்தான், மறைப்பானேன்? ஆனால் இப்போது மாதாமாதம் 'பதிவுச் செலவு' என்று தனியாகச் சேர்க்கிறாள்.

சகோதரிகளே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல், வட்டி, கட்டணங்கள் எல்லாம் அடங்கிய 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தாளை பாங்குகள் கடன் கேட்பவருக்குத் தந்தாக வேண்டும். நமக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. கூச்சப்படாமல் தமிழில் கேளுங்கள். யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பிறகு வாங்க முடியாது.

கடனோடு ஆயுள் காப்பீடும் எடுக்கச் சொன்னால், "இது கட்டாயமா?" என்று கேளுங்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்தால் அதற்கும் வருஷக்கணக்கில் வட்டி!

10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சின்ன மனை வாங்குகிறவர்களுக்கு இது நல்ல சலுகை.

கடன் தீர்ந்ததும் 30 நாளுக்குள் மூலப் பத்திரம் திரும்பி வர வேண்டும். பாங்கின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 5,000 உங்களுக்குத் தர வேண்டும். கடன் தீர்ந்த ரசீதையும் பதிந்துவிடுங்கள்; வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகே பத்திரத்தைப் பீரோவில் வையுங்கள்.