பாட்டிலுக்குள் ஒரு மலைவாழை

செருப்பை வாசலில் விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, தலைக்குத் துணியும் வாய்க்கு மாஸ்க்கும் மாட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். திண்டுக்கல் பக்கம் சிறிய திசு வளர்ப்புக் கூடம் அது. வடிகட்டிய காற்று வீசும் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்பும் ஒரு பெண்.

"என்னக்கா வெட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். பதில் இல்லை. பாட்டிலை மூடி ஓரமாக வைத்த பிறகே அந்த அக்கா திரும்பினார். "பாட்டில் திறந்திருக்கும்போது பேசக்கூடாது தம்பி. மூச்சுல போற கிருமி போதும், நாலு நாள்ல பூஞ்சை வந்துரும்."

அடுத்த பாட்டிலுக்கு ஓசையில்லாமல் நின்றேன். இடுக்கியையும் கத்தியையும் சூடாக்கி ஆறவிட்டார். வாழைக் குருத்துக் கொத்தை எடுத்து, கருத்த தோலைச் சீவினார். பிறகு பிரித்தார். ஒவ்வொரு துண்டிலும் அடிக்கிழங்கு துளியாவது ஒட்டியிருக்க வேண்டும். குருத்தின் உச்சியைக் கத்தி கிழித்துவிட்டால் அந்தத் துண்டு வீண். ஒரு கொத்து நாலானது. நாலும் புது பாட்டிலில், அகர் கூழின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தன. முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962இல் வகுத்த சத்துக் கலவைதான் அந்தக் கூழுக்கு அடிப்படை. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி தூக்கலாக இருந்தால் பக்கக் குருத்து வெடிக்கும். பெருக்கியது போதும் என்றால் ஆக்சின் என்ற இன்னொரு ஊக்கி சேர்த்த கூழுக்கு மாற்றி வேர்விட வைப்பார்கள். எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்குவதில்லை, தாயைப் போல இல்லாத கன்றுகள் கூடிவிடும்.

பாட்டில் ஒவ்வொன்றிலும் வெட்டியவரின் எண் உண்டு. கெட்டுப்போனால் அவர் கணக்கு. இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் கைகளைப் பற்றி விவசாயக் கண்காட்சிகளில் ஒருவரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வளர்ந்துகொண்டிருந்தது விருப்பாட்சி, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன மலைவாழை. கீழ்ப்பழனி மலையில் அதைச் சீரழித்தது முடிக்கொத்து நோய். நோய் கண்ட மரத்தின் பக்கக்கன்றைத் தோண்டி நட்டால் வைரஸும் கூடவே குடியேறும். அசுவினிப் பேன் அதை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகும். ஆகவே இது உட்பட நான்கு வாழை வைரஸ்களுக்குச் சோதித்துத் தேறிய தாய்மரத்திலிருந்துதான் இங்கே முதல் குருத்தே எடுக்கிறார்கள்.

விற்பவர்கள் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இது நோயில்லாத கன்று, நோயை எதிர்க்கும் கன்று அல்ல.

மறுநாள் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் அந்த நோயே கண்ணெதிரே நின்றது. இடுப்பளவு வளர்ந்த திசு வாழைகளுக்கு நடுவே பழைய கட்டை ஒன்று. இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக விறைத்திருந்தன. காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்று. நான் கையை நீட்டியதும் தோட்டக்காரப் பெரியவர் தடுத்தார்.

"தொட்டு ஆட்டாதீங்க. பேன் பறந்து நம்ம கன்னுல உக்காந்துரும். மொதல்ல மருந்து."

உச்சிக் குருத்துக்குள் மருந்து வடியும்வரை அடித்தார். அரை மணி நேரம் கழித்து, கடப்பாரையை எடுத்தார்.