ஜோடி 60 ரூபாய்

நம்ம ஊர்ல எந்த மீன் கடைக்கு (வளர்க்குற மீனுங்க, குழம்பு மீன் இல்ல) போனாலும் விலையை ஜோடி கணக்குலதான் சொல்வாங்க. மோலி ஜோடி இவ்ளோ, ஏஞ்சல் ஜோடி இவ்ளோ, டெட்ரா ஜோடி இவ்ளோ. நாமளும் வகைக்கு ஒரு ஜோடின்னு ஆறு வகை வாங்கிட்டு வந்து தொட்டியில விடுவோம். பத்து நாள் கழிச்சு "என்னான்னே தெரியல, ஒண்ணொண்ணா செத்துப் போச்சு"ம்போம். அப்புறம் தொட்டி மொட்டை மாடிக்குப் போயிடும். அதுல அம்மா கீரை வெதைப்பாங்க.

மோலிக்கு ஜோடி கணக்கு ஓரளவு சரி. டெட்ரா, பார்ப், டேனியோ இதெல்லாம் கூட்டமா வாழற சாதி. அதுல ரெண்டே ரெண்ட வாங்கறது, கல்யாண வீட்டுலேர்ந்து ரெண்டு பேரை மட்டும் வண்டியில ஏத்திட்டுப் போயி தெரியாத ஊர்ல இறக்கிவிட்டு "சந்தோஷமா இருங்க"ன்னு சொல்ற மாதிரி. மூலையில ஒளிஞ்சுக்கும். நிறம் வெளுத்துடும். சாப்பாட்டுக்கு வெளியில வராது. டைகர் பார்ப் மாதிரி ரவுடிப் பயலுங்களா இருந்தா, கூட்டத்துக்குள்ள காட்ட வேண்டிய சேட்டையை எல்லாம் பக்கத்துல போற ஏஞ்சலோட வாலுல காட்டும். ஆறுக்குக் குறைஞ்சு வாங்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். எட்டு, பத்து இருந்தா இன்னும் நல்லது.

இவ்ளோ விவரம் பேசறேனேன்னு பாக்காதீங்க. எல்லாம் 2025ல பட்டுக்கோட்டை வீட்டுத் தொட்டிக்குத் திரும்ப மீன் விட்டப்போ படிச்சதும் பார்த்ததும்தான். அந்தத் தொட்டி ஏழு வருஷமா காலியா கெடந்துச்சு.

காலியான கதை டெல்டாக்காரங்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 விடியக்காலை, கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி எங்க பக்கத்தைத் தொடைச்சுட்டுப் போச்சு. நான் அப்ப எஞ்சினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல்ல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஊருக்குப் போக பஸ்சு கிடைச்சுது. அப்பாவோட தென்னந்தோப்புல 60 மரத்துல 41 சாஞ்சிருச்சு. போஸ்ட் கம்பம் எல்லாம் வயல்ல படுத்துக் கெடந்துச்சு. வெளி மாவட்டத்துலேர்ந்து வந்த மின்வாரியத்து ஆளுங்க ராவும் பகலும் வேலை பார்த்தும் எங்க தெருவுக்குக் கரண்ட் வர 12 நாள் ஆச்சு.

கூடத்துல மூணடித் தொட்டி. அப்பா ஆசையா வளர்த்த 14 டைகர் பார்ப், ஒரு ஜோடி ஏஞ்சல், கண்ணாடி தொடைக்கிற சக்கர் மீன் ஒண்ணு. ஏர் மோட்டர் நின்னா மேல் தண்ணியில மட்டும்தான் காத்து கரையும். அது ஒரு பக்கம். இன்னொண்ணு நாம யாரும் யோசிக்காதது. பில்டர் பஞ்சுக்குள்ள இருக்குற பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேணும். தண்ணி ஓட்டம் நின்னு சில மணி நேரத்துல அதுங்க சாக ஆரம்பிக்கும். அப்புறம் மீன் கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியாவைத் தின்ன ஆளில்லை. நான் வீட்டுக்குப் போனப்ப பார்ப் மொத்தமும் போயிருந்துச்சு. சக்கர் மட்டும் உயிரோட. அது மேல வந்து காத்தை முழுங்கி சமாளிக்கிற சாதி. அப்பா தோப்பைப் பத்தி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பேசினார். மீனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. சக்கரைக் குளத்துல விட்டுடலாம்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னதுக்கு மட்டும், "அது நம்ம ஊரு மீன் இல்ல, குளத்தைக் கெடுத்துடும்"னுட்டு பழைய கடைக்காரர்கிட்டயே கொடுத்துட்டு வந்தார். அதோட சரி.

பிறகு நான் வேலைக்குப் போயி, இப்ப மாசத்துல பாதி நாள் வீட்டுலேர்ந்தே வேலை. 2025 மார்ச்சுல தொட்டியைக் கழுவினேன். அப்பா பார்த்துட்டு, "வேணாம்டா தம்பி. இன்னொரு தடவை அள்ளிக் கொட்ட முடியாது என்னால"ன்னார். நான் மீன் விடப்போறதில்லப்பா, தண்ணி மட்டும்தான்னேன். அது உண்மையும்கூட. முதல் அஞ்சு வாரம் தண்ணி மட்டும்தான்.

இந்த அஞ்சு வாரத்தைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித் தர்றதில்ல. மீன் கழிவு அம்மோனியா. ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம். மூணாவது கொஞ்சம் சேர்ந்தா பரவாயில்ல, வாரம் ஒருதடவை கால்வாசித் தண்ணி மாத்தினா போதும். புதுத் தொட்டியில இந்தப் பாக்டீரியா கிடையாது. மீனே இல்லாத தொட்டியில தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடணும். நாலுலேர்ந்து ஆறு வாரத்துல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வரும். டெஸ்ட் கிட்டு வாங்கிப் பார்த்தேன். நம்ம பாஷையில சொன்னா, சர்வர் ரெடியாகாம ரிலீஸ் பண்ணாதேங்கறதுதான்.

தினம் காலைல எழுந்து காலித் தொட்டிக்குத் தீனி போட்டுட்டு டெஸ்ட் ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பேன். அம்மா கோயில்ல அர்ச்சனைக்கு என் பேரைக் கொடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு தங்கச்சி சொல்றா.

அடுத்தது என்ன மீன். இங்கதான் எல்லாரும் படத்தைப் பார்த்து ஆரம்பிப்போம். எங்க வீட்டு போர் தண்ணி உப்புச் சத்து கொஞ்சம் கூட. சித்திரை மாசம் கூடத்துலயே தொட்டித் தண்ணி 31 டிகிரியைத் தொடும். 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் கரையும், 32ல அது 7 சொச்சத்துக்கு இறங்கிடும். இதுல நியான் டெட்ராவை விடலாமா? அது அமேசான் பக்கத்து மென்மையான தண்ணியில, இதைவிடக் குளிர்ச்சியில சுகமா இருக்கற மீன். ஏசி ரூமா இருந்தா யோசிக்கலாம். நம்ம கூடம் பட்டுக்கோட்டையில இருக்கு.

மிஸ் கேரளா மேல எனக்கு ரொம்ப நாளா கண்ணு. செவப்பும் கறுப்பும் கோடு போட்டு, கூட்டமா போனா அப்படி இருக்கும். ஆனா அது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில, ஓடற தண்ணியில வாழறது. நாலு விரல் அகலத்துக்கு மேல வளரும், மூணடித் தொட்டி பத்தாது. ஆத்துலேர்ந்து அள்ளி அள்ளியே அழிவு அபாயப் பட்டியலுக்குப் போன மீன் அது. வேணாம்னு விட்டேன். இன்னொண்ணு கேளுங்க. காவிரியிலேர்ந்து ஜெர்டன் 1849ல விவரிச்ச அருலியஸ் பார்ப்னு ஒண்ணு உண்டு. அந்தப் பேருல கடைகள்ல வர்றது பெரும்பாலும் அது இல்லையாம், தாமிரபரணி மீனாம்! தாம்பிரபர்ணியேன்னு அறிவியல் பேர்லயே ஆறு இருக்கு. காவிரிக்காரன் காசுக்குத் திருநெல்வேலிக்காரன் வந்து நிக்கறான். (நெல்லை மக்கள் சண்டைக்கு வராதீங்க.) ரெண்டுமே அபாயத்துல இருக்கற இனம், ரெண்டுமே என் தொட்டிக்குப் பெரிசு.

அப்படியே வாய்க்கால் கெண்டைக்குஞ்சைப் பிடிச்சு விட்டா என்னன்னு சித்தப்பா மகன் கேட்டான். கல்லணைக் கால்வாயில, அதாங்க எங்க புது ஆத்துல, தண்ணி வந்தா சின்னப் புள்ளைங்க துண்டை வச்சு அள்ளுற மீனு. ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா எது எவ்ளோ பெரிசா வளரும்னு குஞ்சுல தெரியாது. நங்கூரப்புழு, மீன்பேன் எல்லாம் கூடவே வரும். விட்டுட்டேன்.

கடைசியில செர்ரி பார்ப். தென்மேற்கு இலங்கையோட நிழல் ஓடையில மட்டும் இருக்கற மீன், தெரணியகல 1929ல பேர் வச்சது. ரெண்டு அங்குலத்தைத் தாண்டாது, சாது, சூடு தாங்கும், யார் வாலையும் கடிக்காது. காட்டுல பிடிக்க வேண்டியதே இல்ல, பண்ணையிலயே ஏகமா குஞ்சு பொரிக்கறாங்க. நம்ம கடைக்கெல்லாம் சென்னை கொளத்தூர்லேர்ந்து லோடு வருது. ஜோடி 60 ரூபாய்.

கடைக்காரர் எட்டும் ஆணா அள்ளிப் போட்டார். ஆண்தான் செவப்பு, பார்க்க அழகு. பொட்டை பழுப்பா இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்களாம். எல்லாம் ஆணா விட்டா ஒண்ணையொண்ணு தொரத்தியே களைச்சுப் போகும். ஒரு ஆணுக்கு ரெண்டு பொட்டைங்கற மாதிரி இருக்கணும். "அண்ணே, மூணு ஆணு, அஞ்சு பொட்டை குடுங்க"ன்னேன். "தம்பி, அது கலரே இருக்காதுப்பா"ன்னு ரெண்டு தடவை எச்சரிச்சுட்டுத்தான் கொடுத்தார். லோடு வந்து ஒரு வாரம் ஆன தொட்டியிலேர்ந்துதான் வாங்கினேன். வந்த அன்னைக்கே வாங்கினா, சாகறது கடையில சாகாம நம்ம வீட்டுல சாகும். செதில் ஒடுங்கி நிக்குதா, வயிறு ஒட்டியிருக்கா, செவுள் பட்பட்னு அடிக்குதா, தொட்டி மூலையில செத்தது கெடக்கான்னு பார்க்கணும். கொஞ்சம் தீனி போடச் சொல்லிப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

வாங்கினதை நேரா பெரிய தொட்டியில விடல. 40 லிட்டர் ப்ளாஸ்டிக் டப்புல ஒரு மாசம் தனியா. நாலாம் நாள் ரெண்டு மீன் மேல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. இக் நோய். அந்தப் புள்ளிக்குள்ள இருக்கறப்ப ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது மீனை விட்டு இறங்கி, தரையில கூடு கட்டி, நூத்துக்கணக்கா பிரிஞ்சு, அடுத்த மீனைத் தேடி நீந்தற நேரத்துலதான் அடிக்க முடியும். அதனால புள்ளி மறைஞ்சதும் மருந்தை நிறுத்தறது வீண் வேலை, ரெண்டு வாரம் விடாம போகணும். தண்ணியைச் சூடாக்கினா அதோட சுத்து வேகமா முடியும். சித்திரை வெயில் அதைச் சும்மாவே செஞ்சு கொடுத்துச்சு. கூடுதலா ஒரு ஏர் கல்லு மட்டும் போட்டேன்.

ஒண்ணு போச்சு. ஏழு பிழைச்சுது. மீனே வேணாம்னு சொன்ன மனுசன், டப்பு இருந்த பின்கட்டுக்கு ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போயி எண்ணிட்டு வர்றதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

ஏழையும் பெரிய தொட்டிக்கு மாத்தினேன். கொஞ்ச நாள் கழிச்சு இன்னும் எட்டு, அதுவும் டப்பு வழியா. மொத்தமா விட்டா பாக்டீரியா தாங்காது. அடியில மெல்லிய ஆத்து மணல், வாசல் வாதா மரத்துக் காஞ்ச இலை நாலு. மணலைப் பார்த்ததும் அயிரை ஞாபகம் வந்துச்சு. மதுரைப் பக்கம் உயிரோடவே விப்பாங்க, கூட வேலை பார்க்கற மதுரைக்காரன் ஆறு கொண்டாந்தான். அதுவும் கூட்டமா இருக்கற மீன்தான், மணலுக்குள்ள பொதைஞ்சு கண்ணை மட்டும் வெளியில வச்சுப் பார்க்கும். அம்மா மட்டும், "ஏண்டா, இது குழம்பு மீனுல்ல"ன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு மாதிரி பார்க்கறாங்க.

வெளியூர்லேர்ந்து கவர்ல வர்ற மீனுக்கு ஒரு விசயம். மூடின கவருக்குள்ள மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடால தண்ணி அமிலமாகி, அம்மோனியா விஷமில்லாத ரூபத்துல அடங்கிக் கெடக்கும். கவரைத் தொறந்ததும் அந்த வாயு பறந்து, அடங்கினது விஷமா மாறும். அதனால பல மணி நேரம் பயணம் பண்ணி வந்த கவரைத் தொறந்து வச்சுட்டு மணிக்கணக்கா சொட்டுச் சொட்டா தண்ணி ஊத்திட்டு இருக்காதீங்க. மூடின கவரையே தொட்டியில கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொறந்ததும் வலையில மீனை மட்டும் எடுத்து விடுங்க. கவர் தண்ணி தொட்டிக்குள்ள வேணாம்.

இப்ப ஒரு புகார். பார்க்க வந்தவங்க எல்லாரும் கேட்டது: "என்னாங்க, டிவியில காட்டற மாதிரி ஒரே அச்சா போக மாட்டேங்குது?" காலேஜ்ல கிராபிக்ஸ் படிச்சவங்களுக்கு கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987ல செஞ்ச 'பாய்ட்ஸ்' தெரிஞ்சிருக்கும். மூணே விதி. பக்கத்து ஆளை இடிக்காதே, பக்கத்து ஆளு போற திசையில போ, கூட்டத்தோட நடுப்பக்கம் ஒட்டியே இரு. தலைவனே இல்லாம திரையில கூட்டம் அழகா வளைஞ்சு பறக்கும். நிஜ மீனும் கண்ணாலயும், ஒடம்பு ஓரமா ஓடற உணர்வுக் கோட்டாலயும் பக்கத்து ஆளைத் தெரிஞ்சுக்குது. ஆனா அது இறுக்கமா ஒட்டிப் போறது ஆபத்துன்னு தோணும்போதுதான். கொத்த வர்றவனுக்கு எதைக் கொத்தறதுன்னு தெரியக் கூடாது, அதுக்கான ஏற்பாடு. பயமில்லாத செர்ரி பார்ப் கூட்டம் தொட்டி முழுக்கக் கலைஞ்சு கெடக்கும். ஒண்ணு இலையைக் கொத்தும், ரெண்டு ஆணு செவப்பைக் காட்டி முறைச்சுக்கும், நாலு சும்மா நிக்கும். ஆனா எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கண்ணுக்கு எட்டின தூரத்துல. தங்கச்சி கதவை டமால்னு சாத்தினா பதினஞ்சும் ஒரு கை அளவுக்குச் சேரும். ரெண்டு நிமிசத்துல திரும்பக் கலைஞ்சுடும். அச்சா போகலியேன்னு கவலைப்படற சொந்தக்காரங்களுக்கு நான் கதவைச் சாத்திக் காட்டறதில்ல.

ஐப்பசி மழையில ஒரு ராத்திரி மூணு மணி நேரம் கரண்ட் போச்சு. பேட்டரியில ஓடற சின்ன ஏர் மோட்டர் ஒண்ணு முன்னாடியே வாங்கி அலமாரியில வச்சிருந்தேன். அப்பாகிட்ட, கரண்ட் ரொம்ப நேரம் கழிச்சு வந்தா பில்டருக்குள்ள தேங்கின தண்ணியைக் கொட்டிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணியில அலசிட்டுத்தான் போடணும்னும் சொல்லி வச்சிருந்தேன். நான் எந்திரிச்சு வர்றதுக்குள்ள கூடத்துல டார்ச் வெளிச்சம். மோட்டர் ஓடிட்டு இருக்கு. அப்பா ஸ்டூலைப் போட்டு உக்காந்து விரல் விட்டு எண்ணிட்டு இருந்தார்.

"பதினாலுதாண்டா இருக்கு."

ஒண்ணு வாதா இலைக்கு அடியில தூங்கிட்டு இருந்துச்சு.