கறுப்பும் கறுப்பும்

போன வாரம் என் கம்ப்யூட்டர் திடீரென்று செத்துப்போனது. பட்டனை அமுக்கினால் ஒரு அசைவும் இல்லை. கல்லூரியில் படிக்கும் பேரன் வந்து பார்த்துவிட்டு, "எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு தாத்தா, வேற வாங்கணும்" என்றான். வாங்கி வந்தோம். பழையதைக் கழற்றினான். புதியதைத் திருகி வைத்தான். பிறகு மதர்போர்டுக்குப் போகும் பெரிய ஒயர்க் கொத்தை என் கையில் கொடுத்து, "இதை நீங்களே சொருகுங்க தாத்தா" என்றான்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன தாத்தா, பயமா?" என்று சிரித்தான். பயம்தான். ஆனால் அது வேறு மாதிரிப் பயம். அதைச் சொல்ல 1997-க்குப் போகவேண்டும்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் இருந்தது. பி.எஃப். கடன் போட்டு வாங்கியது. மகள் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ப்ராஜெக்ட் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து எஸ்.எம்.பி.எஸ். புகைந்துவிட்டது. ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. மெக்கானிக்கைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல். நானே ரிச்சி தெருவுக்குப் போனேன்.

மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறடி அகலக் கடைக்குள் ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய அத்தனையும் இருக்கும். நான் போன கடையில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் இருந்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸை டெஸ்ட் செய்து காட்டிவிட்டுச் சொன்னான்: "சார், மதர்போர்டுக்கு ரெண்டு கனெக்டர் வரும். கறுப்பும் கறுப்பும் நடுவுல பக்கத்துல பக்கத்துல இருக்கணும். மாத்தினா போர்டு காலி."

"தெரியும்ப்பா" என்றேன். தெரியாது.

இன்றைக்கு இருப்பவர்களுக்கு இது புரியாது, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தக் கால 'ஏ.டி.' வகை கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் பன்னிரண்டு பின்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஆறு ஆறு ஒயராக இரண்டு கனெக்டர்கள் வரும். பி-8, பி-9 என்று பெயர். ஒவ்வொன்றின் ஒரு கோடியிலும் இரண்டு கறுப்பு ஒயர்கள். அவைதான் எர்த். சரியாகச் சொருகினால் நான்கு கறுப்பும் நடுவில் சேர்ந்து நிற்கும். இடம் மாற்றிச் சொருகினாலும் தாராளமாக உள்ளே போகும். அதுதான் வில்லங்கம். மாற்றினால் எர்த் இருக்க வேண்டிய பின்னில் 5 வோல்ட் ஏறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 12 வோல்ட் வரும்.

அன்று ராத்திரி மகள் டார்ச் பிடிக்க, நான் கேபினெட்டுக்குள் தலையை விட்டேன். இரண்டு கனெக்டரும் சமர்த்தாக உள்ளே போயின. ஸ்விட்சைப் போட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு அந்த நாற்றம். குனிந்து பார்த்தேன். கறுப்பு ஒயர்கள் இரண்டு ஓரங்களிலும் இருந்தன. நடுவில் சிவப்பும் ஆரஞ்சும். பார்த்த அந்த நொடியே செய்த தப்பு தெரிந்துவிட்டது.

மகளிடம், "எஸ்.எம்.பி.எஸ். மட்டம் போலிருக்கு" என்றேன்.

மறுநாள் போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். முதலாளி போர்டைப் பார்த்ததுமே, "ஒயர் மாத்திச் சொருகினீங்களா சார்?" என்றார்.

"அதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லலையே" என்றேன்.

முதலாளி பையனைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னேண்ணே" என்றான் அவன். நான் பேசாமல் நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட ஐம்பது வயது ஆபீசர் ஒரு பக்கம், கடைப் பையன் ஒரு பக்கம். யார் சொல் எடுபடும்? "கஸ்டமர் பொய் சொல்றாருங்கறியா?" என்று அவனை அதட்டிவிட்டு, வேறு போர்டை அடக்க விலைக்குக் கொடுத்தார். "இதுல நஷ்டத்தை உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன்" என்று அவனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? என் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்து மறுபடி டெஸ்ட் செய்தான். நன்றாகவே வேலை செய்தது. பிறகு இரண்டு கனெக்டரையும் கறுப்பும் கறுப்பும் சேர்கிற மாதிரி வைத்து, இன்சுலேஷன் டேப்பால் ஒன்றாகச் சுற்றினான். "இனிமே மாறாது சார்" என்று கொடுத்தான். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மகளின் ப்ராஜெக்ட் ஒழுங்காக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து மனசு கேட்காமல் அந்தக் கடைக்குப் போனேன். பையன் இல்லை. வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டானாம். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இன்டெல் 1995-லேயே கொண்டுவந்த 'ஏ.டி.எக்ஸ்.' முறை கொஞ்ச நாளில் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. இரண்டு கனெக்டருக்குப் பதில் ஒன்றே ஒன்று. முதலில் 20 பின், பிறகு 24. சில துளைகள் சதுரம், சில துளைகள் மூலை மழுங்கியவை, பக்கத்தில் ஒரு கொக்கி. திருப்பிச் சொருகவே முடியாது. என்னைப் போல எத்தனை பேர் போர்டை எரித்திருந்தால் இப்படி யோசித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதையெல்லாம் நினைத்தபடியே போன வாரம் அந்த 24 பின் கனெக்டரைச் சொருகினேன். 'க்ளிக்' என்றது. பேரன் பட்டனை அமுக்கினான். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசஸருக்கு 12 வோல்ட் கொடுக்கும் சின்ன கனெக்டரை மறந்திருக்கிறான். பெண்டியம் 4 காலத்தில் வந்த வழக்கம் அது. அதையும் சொருகியதும் படம் வந்தது.

கடைசியில் ஹார்ட் டிஸ்க். புது எஸ்.எம்.பி.எஸ். கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை. பழையதும் அப்படித்தான். "பழைய கேபிளே இருக்கட்டும் தாத்தா, இதுலயும் பொருந்துது" என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஹார்ட் டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் எந்த பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 12 வோல்ட் தப்பான ஒயரில் போனால் டிஸ்க் போய்விடும். அதில் இருப்பவை அவன் பாட்டியின் போட்டோக்கள். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த கேபிளையே மாட்டச் சொன்னேன்.

"உங்களுக்கு எப்படித் தாத்தா இவ்வளவு தெரியும்?" என்றான். ரிச்சி தெருக் கதையைச் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான். இதுவரை அவன் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த அண்ணா சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்க?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை.