மண்ணை நாடும் தேரை

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு நாம் பிரயாணம் செய்கையில், கோட்டை தாங்கிய பெரும்பாறை கண்ணைக் கவர்கிறது. ‘கல்லுக்குள் தேரை’ என்பார்கள். இச்சமவெளித் தேரையோ இளகிய செம்மண்ணையே நாடுகிறது.

1799-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் விவரித்த உருண்டைத் தேரை இத்தகையது. பின்னங்காலடியில் மண்வெட்டி போன்ற புடைப்பு. அதனால் மண்ணைத் தள்ளியவாறு பின்புறமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். கோடை முழுதும் அங்கேதான் வாசம். கறையானும் எறும்பும் அதற்குப் பிரியமான ஆகாரம்.

பெருமழை பெய்ததும் வெளிவந்து குட்டையில் முட்டையிடுகிறது. நீர் வற்றுமுன் தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாக வேண்டும்! ஆகவே ஒளிய இளமண்ணும், அருகே மழைக்குட்டையும் அவசியம். மனைக்கட்டுக்காகக் குட்டையைத் தூர்த்துவிட்டால், மழையிரவில் அதன் குரலை நம் குழந்தைகள் எங்கே கேட்பார்கள்?