துரு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை

வீட்டைக் கட்டிப் பார் என்றனர் நம் முன்னோர். கட்டிய வீட்டைக் காத்துப் பார் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை. கட்டும்போது நாள் பார்க்கிறோம், கோள் பார்க்கிறோம், மனையடி பார்க்கிறோம், வாசற்காலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் இடுகிறோம். கலவையில் சேரும் மணலில் உப்பு உண்டா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கம்பிக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குல இடமேனும் விட்டார்களா என்று குனிந்து நோக்கியவர் எத்தனை பேர்? பார்க்க வேண்டியதைப் பாராது, பார்க்க வேண்டாததைப் பார்த்துப் பார்த்தே பாழாகிறோம், தோழர்களே!

எங்கள் வீடு கடலூர்ப் பக்கத்துக் கரையோரச் சிற்றூரில் உள்ளது. 1984ஆம் ஆண்டில், கையில் இருந்ததையும் கடனாகக் கிடைத்ததையும் சேர்த்து என் தந்தையார் எழுப்பிய வீடு. கிணற்று நீர் உவர் நீர். வேறு நீர் வாங்க வசதி இல்லை. அந்த நீரே சிமெண்டுடன் கலந்து கற்காரை ஆயிற்று. நாற்பதாண்டு கடந்தபின், சென்ற ஆனித் திங்களில் ஒருநாள், நடு அறையின் தளத்திலிருந்து ஒரு முழ அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது காரை. என் தமக்கையின் குழந்தை உறங்கும் தொட்டிலுக்கும் அது விழுந்த இடத்துக்கும் இடைவெளி ஒரு சாண்! மேலே அண்ணாந்து பார்த்தால், எலும்பு தெரியும் நோயாளியின் மார்பைப்போல் துருவேறிய கம்பிகள் வரிவரியாய்த் தெரிந்தன.

செய்தி பரவியது, அறிவுரைகள் குவிந்தன. "பூசிவிட்டால் போயிற்று, இரண்டு மூட்டை சிமெண்டு போதும்" என்றார் ஒருவர். வாஸ்து வல்லுநர் ஒருவர் வந்தார். கையிலே திசைகாட்டி, நெற்றியிலே திருநீறு! வடகிழக்கு மூலையில் படிக்கட்டு இருப்பதே கேட்டுக்குக் காரணம், அதை இடித்துத் தென்மேற்கில் கட்டினால் வீடு நிற்கும் என்றார். விழுந்தது நடு அறைத் தளம். இடிக்கச் சொன்னதோ நன்றாக நிற்கும் படிக்கட்டை! தலைவலிக்காரனின் காலை வெட்டும் மருத்துவம் இதனினும் மேலானதன்றோ?

மூன்றாவதாக வந்தவர் ஒரு பொறியாளர். அவர் கையில் இருந்தவை ஒரு சிறு சுத்தியும், ஒரு குப்பி பினாப்தலீன் கரைசலும். எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர்க்கு அமிலமும் காரமும் காட்ட உதவும் அதே கரைசல்தான். புதிதாய் உடைத்த கற்காரையின்மேல் தெளித்தார். உட்புறம் இளஞ்சிவப்பாய் மாறியது. கம்பியைச் சுற்றிய பகுதியோ நிறமற்றே கிடந்தது. வீட்டின் நோய் அந்த நிறத்திலே விளங்கிற்று.

கற்காரை இயல்பிலே காரத்தன்மை மிக்கது. அந்தக் காரம் கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலம் ஒன்றைப் போர்த்துகிறது. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டாண்டாய் உள்ளே ஊடுருவ, காரம் குறைகிறது, காப்பு கலைகிறது. கடற்காற்றின் உப்பும் கலவை நீரின் உப்பும் சேர்ந்தால் அழிவு இன்னும் விரைகிறது. ஈரம் கண்ட இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கிறது. இடம் எங்கே? கற்காரையைப் பிளந்துதான் பெற வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் 456ஆம் எண் விதி, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரத்து உப்புக் காற்றுக்கு மறைவான இடத்துக்கே கம்பியின்மேல் 30 மில்லி மீட்டர் கற்காரை வேண்டும் என்கிறது; கடற்கரைச் சூழலுக்கு நேரே திறந்து கிடப்பதற்கு 45 வேண்டும் என்கிறது. எங்கள் தளத்தில் இருந்ததோ 12! இதிலே ஈசானியம் எங்கே வந்தது? சனி எங்கே நின்றான்?

அன்றிரவே தொட்டில் இடம் மாறியது. மறுநாள் நானும் பொறியாளரும் அமர்ந்து திட்டம் தீட்டினோம். 12 அடிக்கு 10 அடி அறை; 5 அங்குலத் தளம். அதன் எடை மட்டுமே மூன்றரை டன். ஆதலின், கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுத்தல் முதல் வேலை. தளம் முழுவதையும் சுத்தியால் தட்டி, வெற்றொலி எழும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வரைதல் இரண்டாவது. நலிந்த காரையைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துரு நீங்கத் தேய்ப்பது மூன்றாவது. கால்பங்குக்கு மேல் தேய்ந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டுவது நான்காவது. துருத்தடுப்புப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த காரையை அடுக்கடுக்காய் அப்புதல், குறையாமல் பத்து நாள் ஈரம் காத்தல், இறுதியாக மொட்டை மாடியின் தட்டோடு பெயர்த்து நீர்க்கசிவை அடைத்தல்.

"விழுந்த இடத்தை மட்டும் செப்பனிட்டால் ஆகாதா?" என்றேன். "உப்பு ஏறிய தளத்தில் ஓரிடத்தை மட்டும் புதுக்கினால், புதுமைக்குப் பக்கத்துக் கம்பி முன்னிலும் விரைவாய்த் துருப்பிடிக்கும்" என்றார் அவர். அந்த ஒரு சொல் என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கணக்கு முடிந்தது, காலம் குறுக்கிட்டது. ஆடியில் வேலை தொடங்கலாகாது என்றார் அன்னையார். ஆவணியில் சோதிடர் குறித்த நாளோ இருபதாம் நாள். பத்துப் பன்னிரண்டு நாளில் புரட்டாசி. அதுவும் ஆகாத மாதமாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. "தை பிறக்கட்டுமே, தம்பி" என்றார். வேலைக்கு வேண்டியது ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள். ஆடியில் தொடங்கினால் மழைக்கு முன் மாடி மூடப்படும். தை வரை காத்திருந்தால், பெய்யும் மழையெல்லாம் பிளவுகள் வழியே இறங்கித் துருவுக்கு விருந்து வைக்கும். துரு பஞ்சாங்கம் பார்த்துப் படர்வதில்லையே!

அன்னையாரோடு வாதிட நான் விரும்பவில்லை. அவர் அச்சம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. ஒருமுறை கட்டிய கடனை அடைக்கத் தம் நகைகளை விற்றவர் அவர். ஆதலின் அமைதியாக ஒன்றே கேட்டேன்: "அம்மா, 1984இல் நல்ல நாள் பார்த்துத்தானே கால்கோள் செய்தீர்கள்?" நெடுநேரம் பேசாதிருந்தார். பெயர்ந்த தளத்தை ஒருமுறை பார்த்தார். உறங்கும் பேரனைப் பார்த்தார். "குழந்தைக்கு எது நல்லதோ அந்த நாளிலேயே தொடங்கு" என்றார். ஆடியின் முதல் திங்கட்கிழமை, காலை 8 மணிக்கு, இராகு காலத்திலேயே முதல் முட்டு நின்றது. வீம்புக்காக அன்று, கொத்தனார் வேலைக்கு வரும் நேரம் அதுதான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும. மேஸ்திரி தந்த மதிப்பீட்டில் ஆண் ஆளுக்கு ஒரு கூலி, பெண் ஆளுக்கு அதனினும் குறைந்த கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் செய்தது. சட்டம் தாளில் ஏறியது, சாரத்தில் ஏறவில்லை. தட்டிப் பார்க்கும் வேலையில், ஆண்கள் தவறவிட்ட இரண்டு வெற்றிடங்களை ஒலி கேட்டே கண்டுபிடித்தவர் இருபதாண்டாய்ச் சித்தாளாகவே இருக்கும் ஓர் அம்மையார்! "இவர் கையில் கரணை கொடுக்கலாமே" என்றேன். "பெண் கரணை பிடித்தால் வீடு விளங்காதுங்க" என்றார் மேஸ்திரி. ஆண் பிடித்த கரணையால் கட்டிய வீடுதானே இது? நன்றாகத்தான் விளங்கிற்று! கூலி வேறுபாட்டை அடித்துச் சமமாக எழுதினேன். மூன்றாம் நாள் அந்த அம்மையார் காரை அப்பினார். இன்று தட்டிப் பார்த்தாலும் கணீரென்று ஒலிக்கிறது அவர் அப்பிய இடம்.

தோழர்களே, நம் சமுதாயத் தளத்தையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சமத்துவம் என்று மேலே வெள்ளை அடித்திருக்கிறோம். உள்ளே சாதித் துரு படர்கிறது. பெண்ணடிமை உப்பு ஊறிக் கிடக்கிறது. விழுந்த இடத்தில் மட்டும் பூசிவிட்டு விழா எடுக்கிறோம். பக்கத்துக் கம்பி இற்றுப் போகிறது. பூச்சு போதாது, கொத்தியெடுக்க வேண்டும், கம்பி தெரியும் வரை, கம்பிக்குப் பின்னும். ஓசை எழும், தூசி பறக்கும், "இடிக்கிறார்கள், இடிக்கிறார்கள்" என்று சிலர் கூவுவர். முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கொத்துகிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். நல்ல நாளுக்காகக் காத்திராமல், மழைக்கு முன் தொடங்குவோம்!