மீட்டரில் 25, கேமராவில் 30

பெரியப்பா டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன லைட் மீட்டரின் வட்டில் ஷட்டர் வேகம் 10, 25, 50, 100 என்று போகும். சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகளின் ஃபிலிம் கேமராவில் 15, 30, 60, 125. "ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையே சித்தப்பா, இது உதவாதா?" என்றாள்.

உதவும். 25 என்றால் ஒரு வினாடியில் 25-ல் ஒரு பங்கு. பழைய வரிசையில் 5-லிருந்து 10-க்குப் போனால் வெளிச்சம் சரிபாதி. 10-லிருந்து 25-க்குத் தாவினால் பாதிக்கும் கீழே போயிடும். லென்ஸ் துவாரமோ படிக்குப் படி பாதியாகத்தான் குறையும். ரெண்டையும் ஜோடி சேர்க்கிறது தலைவலி. அதனால்தான் 1, 2, 4, 8, 15, 30, 60, 125 என்ற வரிசை 1950-களில் பரவியது. துவாரத்தை ஒரு படி திறந்தால் ஷட்டரை ஒரு படி வேகமாக்கு, கணக்கு முடிந்தது.

மீட்டர் 25 சொன்னால் கேமராவில் 30 வைக்கலாம். குறைவது கால் ஸ்டாப். 100-க்கு 125 வைத்தால் மூன்றில் ஒரு ஸ்டாப். கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஸ்லைடு ஃபிலிம்தான் கொஞ்சம் கறார்.

என் பயம் எண்ணில் இல்லை, முள்ளில். உள்ளே இருப்பது செலீனியம். பேட்டரி வேண்டாம், வெளிச்சம் பட்டாலே முள் ஆடும். ஆனால் வயசானால் சோர்ந்துவிடும். அவள் எடுக்க வந்ததோ எங்கம்மாவை. பல் போனதிலிருந்து கேமராவைக் கண்டாலே முந்தானையால் வாயை மூடிக்கிற மனுஷி, ஒரே ஒரு படத்துக்குத் திண்ணையில் உட்கார ஒத்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கேட்க முடியாது.

உச்சி வெயிலில், ஃபிலிம் வேகம் 100 வைத்து, பச்சை நாற்றங்கால் பக்கம் மீட்டரைப் பிடித்தோம். துவாரம் 16-க்கு எதிரே 100 வரணும். அதை ஒட்டித்தான் வந்தது. வெயிலில் சரியாக இருக்கிற செல் நிழலில் படுத்துவிடும் என்பதால் திண்ணையிலும் அவள் போன் ஆப்போடு ஒப்பிட்டோம். துவாரம் 4-க்கு மீட்டர் 25, போன் 30. போதும்.

அம்மா மீட்டரை வாங்கிப் பார்த்தது. "இத வச்சுக்கிட்டுத்தான் எங்க கல்யாணத்தன்னைக்கு உங்க பெரியப்பா வெயில்ல நிக்க வச்சாரு" என்று சிரித்தது. வாயை மூடவில்லை. அவள் அமுக்கிவிட்டாள். சுருள் இன்னும் கழுவி வரவில்லை.

உங்க வீட்டுப் பரணில் வெஸ்டன் மீட்டர் கிடந்தால் இன்னொன்று. பழைய வெஸ்டன்களில் ஃபிலிம் வேகத்துக்கும் தனிக் கணக்கு. டப்பாவில் 100 என்றிருந்தால் அதில் 80 வையுங்க.