பாப்பா என்னும் தாத்தா

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரம் பட்டுக்குப் பேர்போனது. நான் அங்கே போனது என்னவோ ரோஜாவுக்காக!

ரோன் நதியோரம் 'தங்கத் தலை' என்று ஒரு பூங்கா. அந்த மண்ணில் பொன்னாலான தலை ஒன்று புதைந்து கிடக்கிறதாம். தலை கிடைக்கிறதோ இல்லையோ, ரோஜா கிடைக்கிறது. 1964-ல் அங்குள்ள ரோஜாத் தோட்டத்தைத் திறந்துவைத்தவர் மொனாக்கோவின் இளவரசி கிரேஸ். ஆம், சினிமாவில் நடித்த அதே கிரேஸ் கெல்லிதான்!

ஜூன் மாதத்தில், காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் மணம் பறந்துவிடும்.

'ஹைப்ரிட் டீ' ரோஜாவுக்கு லியோன்தான் பிறந்த வீடு. கீயோ என்ற உள்ளூர்த் தோட்டக்காரர் 1867-ல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' தான் அந்தக் குலத்தின் முதல் பூ என்பார்கள். வெள்ளி கலந்த ரோஸ் நிறம், கமகமவென்ற வாசனை.

பிறகு வந்தது லியோனை அடுத்த தாசினில் வாழ்ந்த மெய்யான் குடும்பம். அவர்கள் உண்டாக்கிய மஞ்சள் ரோஜாவுக்கு 1945-ல் அமெரிக்காவில் 'பீஸ்' என்று பெயர் வைத்தார்கள். சமாதானம் என்று அர்த்தம். அடேயப்பா, எவ்வளவு பெரிய பூ! ஆனால் முகர்ந்து பார்த்தால் மெல்லிய மணந்தான். பூக்கடைக்கென்று வளர்த்தவர்களோ ஜாடியில் வாடாமல் நிற்பதையே பார்த்தார்கள். மணத்தைக் கவனிப்பார் இல்லை.

அந்தக் குறையை 1963-ல் தீர்த்தது 'பாப்பா மெய்யான்'. நம்மூரில் பாப்பா என்றால் குழந்தை. இந்தப் பாப்பாவோ, பூவை உண்டாக்கிய ஆலன் மெய்யானின் தாத்தா! கறுப்போடிய சிவப்பு, கிறங்க வைக்கும் மணம்.

இதே பூவைத்தான் பக்கத்து ஊரான சேன்-எத்தியேன் விஞ்ஞானிகள், மணமில்லாத 'ரூஜ் மெய்யான்' பூவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2015-ல் விடை கிடைத்தது. ரோஜா மணத்துக்கு வேண்டிய ஜெரானியால் உண்டாக ஒரு என்ஸைம் உதவுகிறது. அது பாப்பாவின் இதழ்களில் மும்முரமாக வேலை செய்கிறது. ரூஜின் இதழ்களில் கைகட்டி நிற்கிறது.

வளர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இவை காட்டு ரோஜா வேரில் ஒட்டுக்கட்டிய செடிகள். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனே கிள்ளி எறிய வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால், சில வருஷங்களில் காட்டு ரோஜாதான் மிஞ்சும். வாடிய பூவை, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும்.

பாப்பாவுக்குச் சாம்பல் நோய் சுலபமாகப் பிடித்துவிடும். தாத்தா அல்லவா! ஆறு மணி நேர வெயிலும் காற்றோட்டமும் தந்து, பக்கத்துச் செடியோடு நெருக்காமல் நடுங்கள்.